ஃபோம் உதிர்ந்த பழைய ஸ்பீக்கர் ஜோடியை வீட்டிலேயே மீட்பது எப்படி

மஸ்கட்டில் வேலை பார்த்த மாமா 1986-இல் ஊர் திரும்பியபோது கொண்டுவந்த ஸ்பீக்கர் ஜோடி, எங்கள் வீட்டுப் பரணில் பழைய போர்வை சுற்றி வெகுகாலம் கிடந்தது. இறக்கி, முன்பக்கத் துணிச் சட்டத்தைக் கழற்றினேன். கீழ் ஒலி தரும் எட்டு அங்குல வூஃபரில், அசையும் கூம்பான கோனைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு வூஃபரை மட்டும் பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். ஃபோமுக்குப் பதில் கெட்டியான துணி வளையத்தை ஒட்டித் தந்தார்கள். இன்னொன்றுக்கு நானே ஃபோம் வாங்கி ஒட்டினேன். இரண்டையும் சேர்த்து வைத்துக் கேட்டால், ஃபோம் போட்ட பெட்டியில் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கத்தின் கனத்த ஓசை, வயிற்றில் வந்து தட்டியது. துணி போட்ட பெட்டியில் அது தகரத்தைத் தட்டுவது போல இருந்தது. அந்தத் துணியைப் பிய்த்து மறுபடி ஃபோம் போட மூன்று வாரம் கூடுதலாக ஆனது. கோனின் ஓரமும் ஓரிடத்தில் கிழிந்தது.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் என்பது ஜோடி. ஒன்றில் எந்தப் பொருள் போடுகிறீர்களோ, எந்த முறையில் ஒட்டுகிறீர்களோ, அதையே மற்றதிலும் செய்யுங்கள். ஒன்று நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். ஒரே வயதுடைய ஃபோம். ஒன்று இன்று உதிர்ந்தால் மற்றது அடுத்த மழைக்காலத்தில் உதிரும்.

இங்கே நான் சொல்வது வீடுகளில் அதிகம் கிடைக்கும் வகைக்கு: எட்டு அங்குல வூஃபர், மேல் ஒலி தரும், டோம் என்ற குவிந்த முகப்புள்ள ஒரு ட்வீட்டர், நாலு பக்கமும் மூடிய மரப்பெட்டி. பெட்டியில் காற்றுத் துளை உள்ள வகைக்கும், பத்து அங்குல வூஃபருக்கும் படிகள் இவைதான்.

1. ஆம்ப்ளியில் இணைக்கும் முன் சோதியுங்கள்

ஃபோம் கிழிந்த வூஃபரை சத்தமாகப் பாட வைக்காதீர்கள். வளையம் இல்லாவிட்டால் கோன் நடுவில் நிற்காது. உள்ளே இருக்கும் வாய்ஸ் காயில், அதாவது கோனோடு ஒட்டிய கம்பிச் சுருள், காந்த இடைவெளியின் சுவரில் உரசும். பத்து நிமிடப் பாட்டுக்கு ஆசைப்பட்டு காயிலின் பூச்சைத் தேய்த்துவிட்டால், அப்புறம் புது ஃபோம் போட்டும் பயனில்லை.

மல்டிமீட்டரை ஓம் அளவையில் வைத்து, பெட்டியின் பின்னால் உள்ள இரண்டு முனைகளிலும் வையுங்கள். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் 5.5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் என்றால் 3 முதல் 3.6 வரை. எழுதியதைவிடக் குறைவாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மீட்டர் அளப்பது கம்பியின் நேர்மின்தடையை மட்டும்தான். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கலாம், அல்லது உள்ளே ஒரு வயர் விட்டுப் போயிருக்கலாம். திறந்து, வூஃபரின் முனையிலேயே நேராக வைத்து ஒருமுறை பாருங்கள்.

இந்த இடத்தில் பலரும் ஏமாறுவார்கள். பெட்டியின் பின்னால் அளக்கும்போது நீங்கள் வூஃபரை மட்டும்தான் அளக்கிறீர்கள். ட்வீட்டருக்கு முன்னால் கண்டன்சர் இருக்கிறது, அது நேர்மின்சாரத்தை விடாது. ட்வீட்டரை அளக்க வேண்டுமென்றால் அதன் ஒரு வயரையாவது கழற்றி, அதன் முனைகளிலேயே அளக்க வேண்டும்.

அடுத்து, இரண்டு கட்டை விரலையும் கோனின் எதிரெதிர் பக்கங்களில் வைத்து மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மெதுவாக உள்ளே அழுத்துங்கள். கரகரவென்று உரசல் கேட்டால், ஃபோம் கிழிந்து கோன் சாய்ந்ததாலும் இருக்கலாம். அழுத்தும் இடத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கும்போது உரசல் மறைந்தால் பிழைத்துக்கொள்ளும். எப்படி அழுத்தியும் உரசினால் காயில் கருகி உப்பியிருக்கலாம். அது வீட்டு வேலையில் சேராது.

வளையம் எதனால் ஆனது என்பதையும் பாருங்கள். எல்லாமே ஃபோம் அல்ல. ஃபோம் பஞ்சு போல நுண்துளைகளோடு இருக்கும், வயதானால் ஒட்டும் அல்லது உதிரும். ரப்பர் வழவழப்பாக, அழுத்தினால் மீளும். கெஃப் நிறுவனத்தின் பழைய பி110, பி200 வூஃபர்களில் இருப்பது நியோபிரீன் ரப்பர், அதை ஈரத்துணியால் துடைத்தால் போதும். துணியைக் கொசுவம் போல மடித்துப் பிசின் பூசிய வளையங்களும் உண்டு, அவை நம்மைவிட நீண்டகாலம் இருக்கும். இந்த இரண்டையும் மாற்றப் போகாதீர்கள்.

பழைய ஜோடியை விலைக்கு வாங்கப் போகிறவர்களுக்கும் இதே சோதனைதான். ஃபோம் உதிர்ந்தது வேண்டாம் என்று சொல்லக் காரணமே இல்லை, விலையைக் குறைத்துக் கேட்கும் காரணம். ட்வீட்டர் அறுந்தது, ஒரு பெட்டியில் மட்டும் வேறு வூஃபர் மாட்டியிருப்பது, அடிப்பலகையைக் கரையான் அரித்தது ஆகிய மூன்றும்தான் விட்டுவிட்டு வர வேண்டிய காரணங்கள். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். எந்தக் கடைக்காரரும் அதற்குக் கோபிக்க மாட்டார்.

2. காகிதங்களைத் திரட்டுங்கள்

ஸ்பீக்கருக்கு என்ன காகிதம் என்று நானும் நினைத்தேன். முதல் தடவை வயர் நிறங்களைக் குறித்துக்கொள்ளாமல் கழற்றிவிட்டு, எந்த வயர் எந்த முனைக்கு என்று தெரியாமல் ஒரு ஞாயிறு முழுவதும் போனது.

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இவை அதில் இருக்க வேண்டும்: பெட்டியின் பின்னால் ஒட்டிய சீட்டில் உள்ள மாடல் எண், ஓம், தொடர் எண், வூஃபர் காந்தத்தின் பின்னால் அச்சிட்ட பாக எண், ட்வீட்டரின் பாக எண், ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் பலகையில் உள்ள ஒவ்வொரு கண்டன்சரின் மைக்ரோஃபாரட் அளவு, வோல்ட், ஒவ்வொரு வயரின் நிறமும் அது போய்ச் சேரும் முனையும். ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுங்கள். படத்தில் இது இடது பெட்டியா வலது பெட்டியா என்று தெரியும்படி ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அருகில் வைத்து எடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் பிறகு குழம்பும்.

மாடல் எண்ணை வைத்து இணையத்தில் சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். பெயர் பெற்ற ஜப்பானிய, பிரிட்டிஷ், அமெரிக்க மாடல்கள் பலவற்றுக்கு கிராஸ்ஓவர் வரைபடம் கிடைக்கும். கிடைத்தால் அச்செடுத்து நோட்டில் ஒட்டுங்கள். முன்னால் யாராவது கைவைத்துத் தவறான கண்டன்சர் போட்டிருந்தால், அந்த வரைபடம் இல்லாமல் உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

ஃபோம் வளையத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் இன்னொரு கட்டுக் காகிதம் தேவைப்படும். கூரியர் நிறுவனம் கேஒய்சி கேட்கும்: ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல், விற்றவர் தந்த பில், பணம் கட்டியதற்கான சான்று. இவற்றை முன்கூட்டியே பிடிஎஃப் ஆக்கி வைத்திருங்கள். எனது பார்சல் நான்கு நாள் சும்மா நின்றது, பில் அனுப்பச் சொல்லி வந்த மின்னஞ்சலை நான் பார்க்காததால்தான். சுங்க வரியும் ஐஜிஎஸ்டியும் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படும். 

3. செலவும் நாளும்

எனக்கு ஆன செலவு, ஒரு ஜோடிக்கு: ஃபோம் வளையங்கள், தபால், வரி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். கண்டன்சர்கள் 350. பசை, ஆல்கஹால், தூரிகை 500. உப்புத்தாள், எண்ணெய் 400. கிரில் துணி 450. மொத்தம் 3,600 ரூபாய். வீட்டில் கருவி எதுவும் இல்லாததால் மல்டிமீட்டருக்கும் சால்டரிங் அயனுக்கும் தனியாக 950 ஆனது. வளையம் உள்ளூரிலேயே சரியான அளவில் கிடைத்திருந்தால் ஆயிரத்துக்கு மேல் மிச்சமாகியிருக்கும். சென்னையில் இருப்பவர்கள் முதலில் ரிச்சி தெருவில் தேடிவிட்டு அப்புறம் வெளிநாட்டுக்குப் போகலாம்.

கைவேலை மொத்தம் பதினான்கு மணி நேரம்தான் இருக்கும். ஆனால் பசை காய, எண்ணெய் ஊற, பார்சல் வர என்று நாட்காட்டியில் ஒன்றரை மாதம் ஓடும். பார்சலுக்குக் காத்திருக்கும் நாட்களில் பெட்டி வேலையையும் கிராஸ்ஓவரையும் முடித்துவிடுங்கள்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒட்டும் வேலையைத் தொடங்காதீர்கள். வெள்ளைப் பசை தண்ணீர் ஆவியாகிக் காய்வது. காற்றிலேயே ஈரம் இருந்தால் ஒரு நாளில் காய வேண்டியது இரண்டு நாள் ஆகும், அதற்குள் வளையம் நகர்ந்துவிடும். தை பிறந்த பிறகு தொடங்கினால் எல்லாம் சொன்ன நேரத்தில் காயும்.

4. வூஃபரைக் கழற்றுதல்

பெட்டியை மல்லாக்கப் படுக்க வைத்து, மெத்தென்ற போர்வையின் மேல் வேலை செய்யுங்கள். ஆபத்து இங்கே ஸ்க்ரூடிரைவர்தான். காந்தம் இரும்பை இழுக்கும். கை சற்றுத் தளர்ந்தால் ஸ்க்ரூடிரைவர் கோனுக்குள் பாய்ந்து ஓட்டை போட்டுவிடும். கோனின் அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி அதன் மேல் வைத்துக்கொண்டு திருகாணிகளைக் கழற்றுங்கள். இது ஐந்து நிமிட வேலை, தவறாமல் செய்யுங்கள்.

திருகாணிகள் எல்லாம் வந்த பிறகும் வூஃபர் வராது. பழைய ஒட்டு பிடித்திருக்கும். நெம்பினால் முன்பலகையின் ஓரம் பெயரும். பழைய ஏடிஎம் கார்டு போன்ற பிளாஸ்டிக்கைச் சட்டத்துக்குக் கீழே செருகிச் சுற்றிவந்தால் விட்டுவிடும். தூக்கியதும் இழுக்காதீர்கள், பின்னால் வயர் இருக்கிறது. படம் எடுத்துவிட்டு, வூஃபரின் எந்தப் பக்கம் மேல்நோக்கி இருந்தது என்று அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டு, வயரைக் கழற்றுங்கள்.

உள்ளே கண்ணாடி இழைப் பஞ்சு இருக்கலாம். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள், இரண்டு நாள் அரிக்கும். எவ்வளவு எடுத்தீர்களோ அவ்வளவையும் அதே பெட்டியில் திருப்பி வைக்க வேண்டும். பஞ்சின் அளவு பேஸ் எனப்படும் கீழ் ஒலியை மாற்றும் என்பதால் தனித்தனிப் பையில் இடது, வலது என்று எழுதி வையுங்கள்.

5. பழைய ஃபோமை அகற்றுதல்

பொறுமை முழுவதையும் இந்தப் படிக்குச் சேமித்து வையுங்கள். தொடங்கும் முன் ஆறாம் படியில் சொல்லும் அளவுகளை எடுத்துவிடுங்கள். புது வளையம் பிடிப்பதும் விடுவதும் இங்கே எவ்வளவு சுத்தம் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கோனின் ஓரத்தில் பழைய பசையும் ஃபோமும் கலந்த பிசுக்கு இருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, கை அகலத்துக்கு மட்டும் நனைத்து, ஒரு நிமிடம் ஊறவிட்டு, மழுங்கிய பிளாஸ்டிக் முனையால் உருட்டி எடுங்கள். காகிதக் கோனாக இருந்தால் அடியில் இன்னொரு கையின் விரலை வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். தின்னரும் அசிட்டோனும் வேண்டவே வேண்டாம், சில பிளாஸ்டிக் கோன்கள் கரைந்துவிடும். தண்ணீரும் வேண்டாம், காகிதம் உப்பும். உலோகச் சட்டத்தின் ஓரத்தை மட்டும் பயமில்லாமல் சுரண்டலாம்.

உதிரும் தூள் காந்த இடைவெளிக்குள் போகக் கூடாது. அவ்வப்போது வூஃபரைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே இருங்கள். நான் ஒரு வூஃபருக்கு இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டால் அவசரப்பட்டிருக்கிறீர்கள், வெளிச்சத்தில் சாய்த்து மறுபடி பாருங்கள்.

6. சரியான வளையத்தை வாங்குதல்

கடையில் சரவுண்ட் என்று கேட்க வேண்டும். எட்டு அங்குல சரவுண்ட் கொடுங்கள் என்று மட்டும் கேட்டால் பொருந்தாத ஒன்று கைக்கு வரும். எட்டு அங்குலம் என்பது வெளிச்சட்டத்தின் பெயரளவு. உள்ளே கோன் ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒவ்வொரு அளவு. நான்கு அளவுகளை மில்லிமீட்டரில் எடுங்கள்: கோனின் வெளி விட்டம், வளையத்தின் உருண்ட பகுதி தொடங்கும் விட்டம், அது முடியும் விட்டம், சட்டத்தில் வளையம் உட்காரும் பள்ளத்தின் வெளி விட்டம். பழைய ஃபோம் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்போதே அளந்துவிடுங்கள். சுத்தம் செய்த பிறகு உருண்ட பகுதியின் அளவு கிடைக்காது.

வளையம் கோனின் மேல்பக்கம் ஒட்டப்பட்டிருந்ததா, அடிப்பக்கமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில்தான் புதியதும் ஒட்ட வேண்டும்.

ரப்பர் போட்டால் நிரந்தரமாக இருக்குமே என்று கடையில் சொல்வார்கள். ரப்பர் கனமானது, விறைப்பும் வேறு. மூடிய பெட்டியில் உள்ளிருக்கும் காற்றே வில்லாக வேலை செய்யும்படி கணக்கிட்டிருப்பார்கள். அதனால் கோனைப் பிடிக்கும் வளையம் மிகத் தளர்வாக இருக்க வேண்டும். அங்கே விறைப்பான ரப்பரோ துணியோ போட்டால் கீழ் ஒலி போய்விடும். ஃபோம் இருந்த இடத்தில் ஃபோம்தான் போட வேண்டும். நம் கடலோர ஈரப்பதத்தில் பத்துப் பதினைந்து வருடம்தான் வரும். வரட்டும், அப்போது மறுபடி போடலாம். இந்த ஒன்றில் மட்டும் யார் சொன்னாலும் நான் மாற மாட்டேன்.

7. ஒட்டுதலும் நடுவில் நிறுத்துதலும்

காகிதக் கோனுக்கு வெள்ளைப் பசை போதும். மரவேலைக்குப் பயன்படுத்தும் ஃபெவிகால் வகை. மெதுவாகக் காய்வதால் நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் கோனில் அது பிடிக்காது, அதற்கென உள்ள ஸ்பீக்கர் பசைதான் வாங்க வேண்டும். ஃபெவிக்விக் எதற்கும் கூடாது. வைத்த இடத்தில் வைத்தபடி பிடித்துக்கொள்ளும், காய்ந்த பிறகு கண்ணாடி போல இறுகிவிடும்.

முதல் நாள்: பசை போடாமல் வளையத்தை வைத்துப் பொருத்தம் பாருங்கள். பிறகு கோனின் ஓரத்திலும் வளையத்தின் உள் ஓரத்திலும் தூரிகையால் மெல்லிய பூச்சு. வைத்து, விரல் நுனியால் வட்டமாக அழுத்திக்கொண்டே பத்து நிமிடம் வாருங்கள். வெளி ஓரத்தை இன்று ஒட்ட வேண்டாம். ஒரு இரவு முழுக்கக் காயட்டும். இரண்டையும் ஒரே நாளில் ஒட்டுவதுதான் புதிதாகச் செய்கிறவர்கள் அதிகம் செய்யும் தவறு.

இரண்டாம் நாள் வெளி ஓரம். கோன் மிகச் சரியாக நடுவில் நிற்க வேண்டும். அதற்கு இரண்டு முறைகள்.

ஒன்று, நடுவில் உள்ள மூடியை வெட்டித் திறப்பது. அந்த மூடியை டஸ்ட் கேப் என்பார்கள். கூரான பிளேடால் ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் விட்டு வட்டமாக அறுத்து எடுத்து, வாய்ஸ் காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளை நான்கு திசையிலும் செருக வேண்டும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை விரலகலப் பட்டையாக வெட்டினால் பெரும்பாலும் சரியாக நிற்கும். இறுக்கமாக இருந்தால் திணிக்காதீர்கள், இன்னும் மெல்லிய பிளாஸ்டிக் தேடுங்கள். பட்டைகள் கோனை நடுவில் பிடித்துக்கொண்டிருக்கும்போது வெளி ஓரத்தை ஒட்டி, 24 மணி நேரம் கழித்து உருவி எடுத்து, மூடியை மறுபடி ஒட்ட வேண்டும். மூடி திறந்திருக்கும் வேளையில் இரும்புத்தூள் உள்ளே விழுந்தால் ஒட்டும் டேப்பை மடித்து நுழைத்துத்தான் எடுக்க முடியும். ஆகவே பட்டைகள் இல்லாத நேரத்தில் எப்போதும் டேப் போட்டு மூடி வையுங்கள்.

இரண்டாவது, மூடியைத் தொடாமல் ஒலியை வைத்துச் செய்வது. வெளி ஓரத்தில் பசை பூசி வைத்த உடனே வூஃபரை ஆம்ப்ளியில் இணைத்து, போனில் 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைந்த சத்தத்தில் ஓட விடுங்கள். கோன் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அசைவது கண்ணுக்குத் தெரியும், காதுக்கு ஏறக்குறைய ஒன்றும் கேட்காது. உரசல் கேட்டால் வளையத்தின் ஓரத்தை எதிர்ப்பக்கம் இழையளவு நகர்த்துங்கள். உரசல் மறையும் இடத்தில் நிறுத்தி, துணி காயப்போடும் கிளிப்புகளை ஓரம் சுற்றிப் போடுங்கள். பசை இறுகும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலியைப் போட்டுக் கேளுங்கள்.

உள்ளே உள்ள ஸ்பைடர், அதாவது மஞ்சள் நிற மடிப்புத் துணி, கிழியாமல் நல்ல நிலையில் இருந்தால் இரண்டாவது முறையைத்தான் நான் சொல்வேன். அசல் மூடி அப்படியே இருக்கும். நான் இரண்டு வூஃபரையும் கடைசியில் அந்த முறையில்தான் செய்தேன்.

காய்ந்த பிறகு கட்டை விரல்களால் அழுத்தி எல்லாப் பக்கமும் உரசல் இல்லை என்று உறுதி செய்யுங்கள். இருந்தால் இப்போதே வெளி ஓரத்தை ஆல்கஹாலால் நனைத்துப் பிரித்து மறுபடி ஒட்டுங்கள். ஓடினால் சரியாகிவிடும் என்பது ஒருநாளும் நடக்காது.

8. கிராஸ்ஓவர்

பெட்டிக்குள் ஒரு சிறு பலகையில் கம்பிச் சுருள்களும் கண்டன்சர்களும் இருக்கும். சுருள்களைத் தொட வேண்டாம், அவை கெடுவதில்லை. கெடுவது எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்கள். அவற்றின் மேல் என்பி அல்லது பிபி என்று எழுதியிருக்கும், அதாவது துருவம் இல்லாதவை. நாற்பது வருடத்தில் உள்ளே உலர்ந்து ட்வீட்டருக்குப் போகும் ஒலியை மங்கலாக்கிவிடும்.

கடைக்குப் போய் 4.7 மைக்ரோஃபாரட் கண்டன்சர் என்று கேட்டால் துருவம் உள்ள சாதாரண வகையை எடுத்துக் கொடுப்பார்கள், அதில் ஒரு பக்கம் கழித்தல் குறிகள் வரிசையாக இருக்கும். அதை கிராஸ்ஓவரில் போடக் கூடாது. துருவமற்றது, நூறு வோல்ட்டுக்குக் குறையாதது என்று சொல்லிக் கேளுங்கள். பாலிபுரோப்பிலீன் ஃபிலிம் வகை கிடைத்தால் இன்னும் நல்லது, அது உலராது.

கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. சீலிங் ஃபேனுக்குப் போடும் 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் பாலிபுரோப்பிலீன் ஃபிலிம் வகைதான், 440 வோல்ட் தாங்கும். எந்த மின்சாதனக் கடையிலும் கிடைக்கும். இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் 5 மைக்ரோஃபாரட். உருவம் பெரிது என்பதால் பலகையில் உட்காராது, பெட்டியின் உள்சுவரில் டேக் போட்டுக் கட்ட வேண்டும். முடிந்தவரை பத்து சதவீதத்துக்குள் அசல் அளவை ஒட்டியே இருங்கள். வாங்கியவற்றையும் மல்டிமீட்டரில் அளந்து, ஏறக்குறைய ஒரே அளவு காட்டும் இரண்டை இரண்டு பெட்டிக்கும் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுங்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தொடங்காதீர்கள். ஈயம் வைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஃபிலிம் வகை போட்ட பிறகு ட்வீட்டர் கொஞ்சம் கூர்மையாகக் கேட்டால், பழைய கண்டன்சருக்குள் இருந்த சிறு மின்தடை இப்போது இல்லை என்பதுதான் காரணம். கண்டன்சரோடு தொடராக அரை ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்தால் பழைய குணம் வந்துவிடும்.

பின்னால் ட்வீட்டர் ஒலியைக் கூட்டிக் குறைக்கத் திருகும் குமிழ் இருந்தால், கான்டாக்ட் கிளீனர் தெளித்து இருபது முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். பெரும்பாலும் செத்துப்போன ட்வீட்டர் என்று நினைப்பது இந்தக் குமிழின் அழுக்காகத்தான் இருக்கும்.

9. ட்வீட்டரைத் தொடாதீர்கள்

ஓம் சரியாகக் காட்டினால் விட்டுவிடுங்கள். டோம் குழிந்திருந்தால் செல்லோ டேப்பின் ஒட்டுப் பக்கத்தை மெதுவாகத் தொட்டுத் தூக்கிப் பாருங்கள். ஒரு தடவையில் வராவிட்டால் அத்துடன் நிறுத்துங்கள். குழிவு கண்ணை உறுத்தும், காதை அவ்வளவாக உறுத்தாது. கிழிந்த டோமுக்கு மருந்து கிடையாது.

10. பெட்டி

பார்ப்பதற்குத் தேக்கு போல இருந்தாலும், பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டின் மேல் ஒட்டிய வெனியர்தான். அதன் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இயந்திரத்தால் தேய்த்தால் நொடியில் அடிப்பலகை தெரிந்துவிடும். 240 எண் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, மர ரேகை ஓடும் திசையில் மட்டும் கையால் தேய்க்க வேண்டும், பிறகு 320. ஓரங்களில் இரண்டு இழுப்புக்கு மேல் வேண்டாம். தண்ணீரால் கழுவாதீர்கள், பலகை உப்பினால் திரும்பாது.

பிறகு ஆளிவிதை எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டுத் தேய்த்து, அரை மணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மறுநாள் இன்னொரு பூச்சு. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் கொடியில் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். இது ஏதோ சம்பிரதாய எச்சரிக்கை அல்ல.

முன்பக்கத் துணியை மாற்றுவதானால், கடையில் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். தடையில்லாமல் காற்று போனால் ஒலியும் போகும். பெயர்ப் பலகையைக் கத்தியால் நெம்பாமல், தையல் நூலைப் பின்னால் விட்டு அறுத்து எடுங்கள்.

திருகாணித் துளை பெரிதாகிப் பிடிக்காமல் இருந்தால், தீக்குச்சியின் மருந்தை உடைத்துவிட்டு, குச்சியை ஃபெவிகாலில் தொட்டுத் துளையில் அடித்து, காய்ந்ததும் வெட்டிவிடுங்கள்.

11. பெட்டியை மூடிக் கேட்டுப் பார்த்தல்

மாட்டும் முன் வூஃபரைப் பழைய நிலையிலிருந்து அரைவட்டம் திருப்பி மாட்டலாம். பல வருடம் ஒரே பக்கம் தொங்கியதில் கோன் கொஞ்சம் இறங்கியிருக்கும், திருப்பினால் அது சமன்படும். இரண்டையும் திருப்புங்கள். வயர் எட்டுமா என்று முதலில் பாருங்கள்.

சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே கதவு இடுக்கில் ஒட்டும் மெல்லிய ஃபோம் டேப் போட்டால் காற்று கசியாது. புளித்த வாடை வரும் சிலிகான் பசையைப் போடாதீர்கள், அதன் அமிலம் செம்பை அரிக்கும். மூடிய பெட்டி என்றால் கோனை மெதுவாக அழுத்தி விடுங்கள். தயங்கித் தயங்கி வெளியே வந்தால் பெட்டி இறுக்கமாக இருக்கிறது. சட்டென்று துள்ளினால் எங்கோ கசிகிறது.

துருவம் பார்க்க ஒரு 1.5 வோல்ட் பேட்டரி போதும். பெட்டியின் பின்னால் சிவப்பு முனையில் கூட்டலையும் கறுப்பில் கழித்தலையும் ஒரு நொடி தொடுங்கள். இரண்டு பெட்டியிலும் கோன் ஒரே திசையில் அசைய வேண்டும். பெரும்பாலும் வெளியே வரும். பழைய ஜேபிஎல் வூஃபர்களில் உள்ளே போகும், அது அவர்களின் வழக்கம், வயரை மாற்றிவிடாதீர்கள். ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போனால்தான் தவறு. அப்படியே விட்டால் பேஸ் காணாமல் போகும், பாடுகிறவரின் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

ஆம்ப்ளியை அணைத்துவிட்டு இணையுங்கள். முதல் பத்து மணி நேரம் மிதமான சத்தத்தில். புது ஃபோம் இளகும்வரை பேஸ் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், உடனே பேஸ் குமிழைத் திருப்ப வேண்டாம். ஆம்ப்ளியில் மோனோ பொத்தானை அழுத்தி, ஒரே ஒரு குரல் மட்டும் பேசும் பதிவைப் போடுங்கள். குரல் இரண்டு பெட்டிக்கும் நட்ட நடுவில் நிற்க வேண்டும். அப்புறம் ஒரு கச்சேரிப் பதிவு. பேலன்ஸ் குமிழை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் மாற்றி மாற்றித் திருப்பி, மிருதங்கத்தின் தொப்பி இரண்டிலும் ஒரே கனத்தில் விழுகிறதா, ஜால்ராவின் ஓசை இரண்டிலும் ஒரே நீளத்துக்கு இழைகிறதா என்று கேளுங்கள். தொப்பி வேறுபட்டால் வூஃபர் அல்லது காற்றுக் கசிவு. ஜால்ரா வேறுபட்டால் கண்டன்சர் அல்லது குமிழ்.

இதில் ஏதாவது படியைக் கடையில்தான் செய்ய வேண்டும் என்ற நிலை வந்தால், இரண்டு வூஃபரையும் சேர்த்தே கொண்டுபோங்கள். எந்த வளையம், எந்தப் பொருள், டஸ்ட் கேப்பை வெட்டலாமா கூடாதா என்பதைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். கழற்றிய பழைய பாகங்கள் எல்லாம் திரும்ப வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். நான் கழற்றிய கண்டன்சர்கள் இப்போதும் இடது, வலது என்று எழுதிய இரண்டு உறைகளில், அந்தந்தப் பெட்டியின் பின்பக்கம் ஒட்டியிருக்கின்றன.